கேற்றடிக் கொப்பி

காலை ஏழு பத்துக்கு நான் கேற்றடியில் நிற்க வேண்டும்.
மாணவத் தலைவி. தரம் பத்து.
நீல ரை, ஊசி வளைந்த சின்னம்,
நாற்பது பக்கக் கொப்பி ஒன்று.
பக்கத்துக்குப் பக்கம் கோடடித்து வைத்திருக்கிறேன்:
பெயர். வகுப்பு. திகதி. குற்றம்.

மதிலில் பச்சைப் பெயின்றில் எழுதியிருக்கிறது:
சட்டை முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்.
யாருடைய விரல் என்று எழுதவில்லை.
பரமலிங்கம் சேரின் நான்கு விரல்
ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்
கணுக்கால் மட்டுக்கும் வரும்.
சப்பாத்து வெள்ளை, சொக்ஸ் வெள்ளை.
ரிபன் கறுப்பு, பின்னல் இரண்டு, இரண்டும் மடித்து.
பெடியள் தலையில் கோடு இழுக்கக் கூடாது.
இடுப்பில் எதுவும் கட்டக் கூடாது.

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வரும் வீதி கிறவல்.
டிப்பர் ஒன்று போனால் போதும்,
நூறு வெள்ளைச் சட்டையும் ஒரே நிறம்,
சேரின் மோட்டார் சைக்கிளும்.
எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கோ
வெள்ளையைக் கண்டால் ஆகாது;
மூன்றாம் தோய்ச்சலில் மஞ்சளாக்கிவிடும்.
ஆனபடியால் எல்லோரிடமும் ஒரு தந்திரம் இருக்கிறது.
கவிநேசன் சப்பாத்தைச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவி வந்து
பாலத்தடியில் கால் கழுவிப் போடுவான்.
சிலர் கரும்பலகைக்கு அடியில் பொறுக்கிய சோக்கை
நனைத்துப் பூசுவார்கள்.
மழை நாளில் அவர்கள் நடந்த வழியெல்லாம்
பால் சிந்தின மாதிரி இருக்கும்.
நானும் பூசியவள்தான்.
போன வருசம் இதே மாதிரிக் கொப்பியில்
என் பெயர் நாலு தரம்.

செவ்வாய்க்கிழமை யதுசிகா வந்தாள். தரம் எட்டு ஆ.
ஏழரைக்கே தகரக் கூரை படபடக்கிற ஆனி,
கச்சான் காற்று மண்ணை அள்ளி வாய்க்குள் போடுகிறது,
அவள் இடுப்பில் சுவெற்றர்.
யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தடித்த கம்பளி,
கைகள் இரண்டும் முன்னால் முடிச்சு.

"கழற்று" என்றேன்.
வாய்க்குப் பழகிய சொல், யோசிக்க முதலே வந்துவிடும்.
"அக்கா" என்றாள்.
அவ்வளவுதான்.
முடிச்சைப் பிடித்த கை விடவில்லை.
புத்தகப் பையைப் பின்பக்கம் தாழ்த்தி
மதிலோடு முதுகை ஒட்டினாள்,
நான்கு விரல் என்ற எழுத்தின் மேல்.

எனக்கு விளங்கியது.
விளங்கியதும் காது சுட்டது.
எனக்கும் ஒரு நாள் இப்படி.
சமூகக் கல்விப் பாடத்துக்குக் கொண்டுபோன இலங்கைப் படத்தைப்
பின்னால் விரித்துப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்,
வடக்கு மேலே, தெற்கு கீழே,
இரண்டு மைல்.

"என்ன அங்கே?" பாலை மரத்தடியிலிருந்து சேர்.
"இடுப்பில என்ன? எழுது, எழுது."

எழுதினேன். பெயர், வகுப்பு, திகதி.
கடைசிக் கட்டத்தில் பேனை நின்றது.
சுவெற்றர் என்று எழுதினால் கழற்றச் சொல்வார்.
உள்ளதை எழுதினால்
இன்றைக்கே எட்டு ஆ முழுக்க வாசிக்கும்.
வெள்ளை என்று எழுதினேன்.
"நேரே மனையியல் மிஸ்ஸிட்டப் போ,
ஓடாத, நடந்து போ" என்றேன்.

இரண்டாம் பாடவேளையில் சேர் கூப்பிட்டார்.
"இதென்ன, வெள்ளை?"
"ஓம் சேர்."
"வெள்ளை போதாதோ?"
"ஓம் சேர்."
கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிவப்புப் பேனையால்
பக்கத்தில் எழுதினார்:
நீலம் போட்டுத் தோய்க்கவும்.
கையொப்பமும் வைத்தார்.

அடுத்த திங்கள் யதுசிகா வந்தாள்.
நீலம் கூடிப் போய்
தோள்மூட்டில் திட்டுத் திட்டாக வானம்.
இடுப்பில் ஒன்றுமில்லை.
நான் கேட்காமலே நின்று
ஒரு காலைத் தூக்கிச் சப்பாத்தைக் காட்டினாள்.
சோக்கு இன்னும் காயவில்லை.
நான் அடுத்த பெடியனின் தலைமயிரைப் பார்த்தேன்.